மைக்கில் சொல்லாத பேர்

11 ஜனவரி 2025, சனி

பள்ளிவாசல் தண்ணீர் மோட்டர் மறுபடியும் பழுது. கறையான் வந்து திருத்தித் தந்தார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, குடிசைக்கு மண் குழைத்துப் பூசிய ஆள். 'கறையான் புத்துக் கட்டுது' என்று யாரோ சொல்ல, அதுவே பேராகிவிட்டது. இந்த ஊரில் யாருக்குத்தான் அப்படியொன்று இல்லை? நுளம்பு ஜபார், முருங்கை நஸீர். பாங்கு சொல்கிற எனக்குத் தொட்டாச்சுருங்கி. கோபப்பட்டால் இன்னும் உரக்கக் கூப்பிடுவார்கள், நாசமாய்ப் போனவர்கள்.

கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மோதினார், நான் மௌத்தானா அந்தப் பேர மைக்கில சொல்லிப்போடாதீங்க. பேரப்புள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்குங்கள்."

முகத்தில் சிரிப்பில்லை. ஓம் என்றேன்.

12 பெப்ரவரி, புதன்

சுபஹுத் தொழுகை முடிந்ததும் அவர் மனைவி அகீலாவின் ஃபோன், ஆஸ்பத்திரியிலிருந்து. கறையான் மௌத்து.

மைக்கைப் பிடித்தபடி விறைத்து நின்றேன். சரியான பேர் என்ன? எனக்கே தெரியாதே! அழுதுகொண்டிருந்தவளுக்குத் திரும்ப ஃபோன் எடுத்துக் கேட்டேன். வெட்கக்கேடு.

"செய்னுலாப்தீன் வபாத்தானார்கள். ளுஹருக்கு ஜனாஸாத் தொழுகை." அவ்வளவுதான் சொன்னேன். வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை வேறு.

ஊரில் மௌத்தென்றால் தோணி இறக்கமாட்டார்கள். இன்றைக்கு எல்லாத் தோணியும் போயிற்று — அவர் திருத்திக் கொடுத்த இஞ்சின்களோடு. ஜனாஸாவுக்கு ஒன்றரை ஸஃப்பு வரிசைதான். சந்தூக்கைச் சுமக்கத் தோள் மாற்ற ஆளில்லை.

பின்னேரம்

கரையில் வைத்து ஜபார் என் சட்டையைப் பிடித்தான். "யாரோ வெளியூர் ஆளெண்டு நெனச்சம். கறையான் எண்டு செல்லியிருந்தா கடலுக்குப் போவமா? அந்த மனிசன்ட முகத்தக் கடைசியாப் பாக்கவும் உடாமப் பண்ணிட்டியே!"

"அவர்தான்டா செல்ல வேணாமெண்டார்!" என்று கத்தினேன். அவன் நம்பவில்லை.

13 பெப்ரவரி

இஞ்சின் திருத்துகிறவர் என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாமே. ஏன் தோன்றவில்லை? மடையன் நான், மடையன்.

18 பெப்ரவரி, செவ்வாய்

ஏழாம் நாள் கத்தம். ஊரே வந்தது, முற்றத்தில் கதிரை போதவில்லை. துஆ ஓதுமுன் ஹஸ்ரத் பேர் கேட்டார். ஜபார் முந்திக்கொண்டு "செய்னுலாப்தீன்" என்றான். சொல்லிவிட்டு விம்மினான். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

எழும்பும்போது, இத்தாவிலிருப்பதால் ஆண்கள் முன் வராத அகீலா திரைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மோதினார், உங்களில பிழையில்ல. அவர் கேட்டதத்தான் செஞ்சீங்க. ஆனா என்ட மௌத்துக்கு 'கறையான்ட பொஞ்சாதி' எண்டே சொல்லுங்க. அகீலாவ இங்க யாருக்குத் தெரியும்? நானும் ஆளில்லாமப் போக ஏலா."

தலையாட்டினேன். திரைக்குப் பின்னால் இருந்தவளுக்கு அது தெரிந்திருக்காது.