டங்கனுக்கு ஒரு பிரதி

மோர்னிங்சைட், ரொறன்ரோ
12.02.1996

அன்பு மகள் வேரோனிக்காவுக்கு,

நீ கலியாணம் செய்யப்போகும் டங்கனின் வம்சத்தைத் தேடித் தரச் சொன்னாய். ஊரில் காணிப் பதிவுக் கந்தோரில் முப்பது வருடம் பழைய உறுதிப் பத்திரங்களைப் புரட்டியவன்தான் நான். ஆனாலும் இந்த நாட்டுப் பதிவுகளைச் சரியாக வாசிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

நூலகத்தில் முதல் ஆளைக் கண்டுபிடித்தேன். வில்லியம் ஃபிளெற், ஸ்கொட்லாந்துக்காரன். மிருகத் தோல் வாங்கும் கம்பனியில் படகு வலித்தவன். பிறகு உங்கள் வின்னிபெக் ஆற்றங்கரையில் காணி எடுத்துக் குடியேறினான். கம்பனி நாட்குறிப்பில் 1831இல் ஒரு வரி: "ஃபிளெற்றின் பெண்சாதி பிள்ளைகளுடன் ஓடிவிட்டாள். பதினோராம் நாள் பிடித்துக்கொண்டு வந்தான்." அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒன்றுமில்லை. இதையும் எழுதுவதா?

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அப்பா
நீக்கிலாப்பிள்ளை

வின்னிபெக்
20.02.1996

அன்புள்ள அப்பா,

எழுதுங்கோ. அந்த வரியை டங்கனுக்குச் சொன்னேன். "பதினொரு நாளோ? சோம்பேறி" என்று சிரித்தார். பகிடிக்குத்தான்.

நான் தனியே கடைக்குப் போவது அவருக்குப் பிடிக்காது. காரில் கொண்டுபோய் விடுவார். "ஏன் பிள்ளை, உனக்குக் கால் இல்லையோ?" என்று நீங்கள் கேட்பது கேட்கிறது! அவரது முதல் மனைவி பிரிந்து ஆறு வருடம். எங்கே இருக்கிறா என்று அவருக்கே தெரியாதாம்.

வேரோனிக்கா

ரொறன்ரோ
09.03.1996

அன்பு மகளுக்கு,

பட்டியல் முடிந்தது. சம்பந்தம் பேசமுன் நாங்கள் விசாரிப்பதுபோல, டங்கனின் மாமிக்கு, அவரது தகப்பனின் சகோதரிக்கு, மரியாதையாக எழுதிக் கேட்டேன். முதல் மனைவி ஹெதரும் மகளும் தண்டர் பே நகரில் இருக்கிறார்கள் என்று விலாசத்துடன் பதில் போட்டிருந்தா. ஒரு மகள் இருப்பதை நீ சொல்லவில்லையே? "இது உங்களோடு இருக்கட்டும்" என்றும் எழுதியிருந்தா. வெளியாருக்குக் காட்டக்கூடாது என்று விளங்கிக்கொண்டேன்; விலாசத்தைப் பட்டியலின் கடைசி வரியில் சேர்த்தேன்.

உறுதி எழுதினால் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் பிரதி போகவேண்டும். அது என் பழக்கம். உனக்கு ஒன்று, டங்கனுக்கு ஒன்று நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பிழை இருந்தால் அவர் திருத்தட்டும்.

அப்பா

வின்னிபெக்
14.03.1996

அப்பா,

பிள்ளை இருப்பது எனக்குத் தெரியாது. டங்கன் இன்று காலை தன் பிரதியைப் பிரித்தார். மேலே ஒன்றையும் வாசிக்கவில்லை. விரலை நேரே கடைசி வரியில் வைத்தார். "உன்ர அப்பா கெட்டிக்காரன்" என்றார். இரண்டு நாளுக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு காரில் போய்விட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ரெலிபோன் பில்லை அவர் பார்ப்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

வேரோனிக்கா

ரொறன்ரோ
18.03.1996

மகளே,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. உடனே மாமிக்கு ரெலிபோன் எடுத்தேன். "ஐயோ, அவனிட்டையே குடுத்தனீங்கள்? அவள் அவனுக்குப் பயந்துதானே ஒளிச்சிருக்கிறாள்!" என்று கத்தினா. அவ தந்த நம்பருக்கு எடுத்தால் ஹெதர் வீட்டில் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை. இரண்டு ஊர்ப் பொலிசுக்கும் நான் செய்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்கு ஏழு தரம் எடுத்தேன். ஏழாவது தரம் டங்கன் எடுத்தார். நீ நித்திரை என்றார். பகல் ஒரு மணிக்கு. பட்டியலில் ஒரு பிழையும் இல்லை என்று நன்றி சொன்னார்.

உன் வேலையிடத்துக்கும் எடுத்தேன்; நீ இன்று வேலைக்கு வரவில்லையாம். நாளை வருவாய் என்று நினைக்கிறார்கள். அதனால் இதை அங்கே கூரியரில் அனுப்புகிறேன். நான் இன்று மாலை பஸ் ஏறுகிறேன்; வந்துசேர நாளை மறுநாள் ஆகும்.

வாசித்ததும் வீட்டுக்குத் திரும்பாதே. உடுப்பு எடுக்கவும் போகாதே. ஆட்கள் நடுவில் இரு. நான் வருவதை அவரிடம் சொல்லாதே.

அப்பா