கடைசி ஆளுக்குப் பின்னால்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அலமாரியைத் திறந்து, பித்தளை மணியின் நாக்கு உன் உப்பு டப்பாவுக்குள் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. பாலைக்கூட அடுப்பில் வைத்திருக்கவில்லை. டப்பாவை மூக்கருகே கொண்டுபோனேன். உப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது, ஆனாலும் உங்கள் ஊர்ப் பக்கத்து உப்பளத்தின் வாடை அதில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. நாக்கு துருவேறிக் கிடந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரும்புத் துண்டு.

பிறகு நடையில் நிற்கும் சைக்கிளிடம் வந்தேன். கைப்பிடியில் பித்தளை மணி தொங்கிக்கொண்டிருந்தது, வயிற்றுக்குள் ஒன்றுமில்லாமல். தெருவில் பனி நன்றாக இறங்கியிருந்தது. எதிர்வீட்டில் கோலம் போடுகிறவளின் கை மட்டும் தெரிந்தது. ஏதாவது சத்தம் கேட்டதா என்று அவளிடம் கேட்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். என்ன சத்தம் என்று அவள் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது?

உன்னிடம் சொல்லலாம். விடிகிற நேரத்தில் மணி கேட்டது. ஒரே ஒரு தரம்.

அதற்குக் காரணம் நேற்றைய பேச்சாகவும் இருக்கலாம். செல்வம் அண்ணன் போன் செய்திருந்தார். நீ போனபிறகு மலைப் பேச்சையே எடுக்காமல் இருந்தவர், இந்தக் கார்த்திகையில் மறுபடியும் கொல்லிமலைக்குச் சைக்கிளில் போகலாம் என்கிறார். "எல்லாம் சரியா இருக்கும்மா. வால்தான் இல்லை. யாரைக் கேட்டாலும் 'எனக்கு வேண்டாம்ணே'ங்கறான். நீ வர்றியா? இல்லேன்னா மணியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், போன்ல பாத்துக்கலாம்" என்றார். மலையில் போன் எடுக்காது என்பது அவருக்கும் தெரியும். வால் இல்லாவிட்டால் பயணமே இல்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னார். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்வதாக நான் சொல்லியிருக்கிறேன்.

நம் சைக்கிள் குழுவில் கடைசியாக வருகிறவருக்கு வால் என்று பெயர் வைத்ததே நீதான். அதற்கு முன் யார் வேண்டுமானாலும் கடைசியில் வருவார்கள். களைத்தவர் பின்தங்குவார், யாரும் கவனிக்க மாட்டார்கள். நீதான் ஒருநாள் கொள்ளிடம் பாலத்தில் எல்லாரையும் நிறுத்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அதட்டுகிற அதே பி.டி. டீச்சர் குரலில் பேசினாய். உன் அப்பா சொன்னதாம், உங்கள் ஊரில் படகுகள் சேர்ந்து போகும்போது மூடுபனி இறங்கிவிட்டால், கடைசிப் படகில் இருக்கிறவர் தட்டை எடுத்துத் தட்டுவாராம். அந்தச் சத்தம் கேட்கிறவரை முன்னால் போகிற படகுகள் நிம்மதியாகப் போகும். கேட்காவிட்டால் நின்றுவிடும். "கடல்ல அவ்ளோதான் சட்டம். ரோட்டுல ஏன் இருக்கக் கூடாது?" என்றாய்.

அடுத்த வாரமே பாத்திரக்கடை ரவி தன் கடையிலிருந்து இந்த மாட்டு மணியைக் கொண்டுவந்து உன் சைக்கிளில் கட்டினான். கட்டிவிட்டுச் சும்மா இருந்தானா? "அக்கா, மாட்டுப் பொங்கலுக்கு மஞ்சத் தண்ணி ஊத்திரலாமா?"

"ஊத்து, ஊத்து. ஆனா கொம்பும் இருக்கு, பாத்துக்க."

அன்றிலிருந்து வால் நீ. நான் உனக்கு முன்னால். மற்றவர்கள் அதற்கும் முன்னால். ஆம்பளைகள் கூட்டத்தில் பெண்கள் இரண்டு பேர், இருவரும் நாற்பதைத் தாண்டியவர்கள் என்பதால் பின்னால் போடப்பட்டோம் என்று வெளியில் பார்க்கிறவர்கள் நினைத்திருக்கலாம். உன் மணி கேட்காமல் ஒரு திருப்பத்தைக்கூடக் கடக்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நமக்கு மலை தெரியாது. நெல்வயலுக்கு நடுவில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏற்றம் என்றால் பாலந்தான், மற்றபடி காற்று. ஆடிக் காற்றுக்கு எதிராக வாய்க்கால் கரையில் ஓட்டி ஓட்டித்தான் காலுக்கு வலு ஏற்றினோம். "காத்துதான்மா நம்ம மலை" என்று செல்வம் அண்ணன் சொல்வார். சிங்கப்பூரில் பாலம் கட்டிவிட்டு வந்து, இப்போது குத்தகைக்கு நிலம் எடுத்துச் சம்பா போடுகிறவர். அவர் சொன்னால் நாம் நம்பினோம். நம்பிக் கொல்லிமலைக்குப் புறப்பட்டோம்.

முதல் நாள் கொள்ளிடக் கரையோடு மேற்கே போனது நினைவிருக்கிறதா? முசிறி வருவதற்குள் ரவியின் தொடை பிடித்துக்கொண்டது. நீ உன் உப்பு டப்பாவைத் திறந்து அவன் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்தாய். "நக்குடா. வெஷத்தக் குடுத்த மாதிரி பாக்காத." மறுநாள் பச்சைமலையில் ஏறி இறங்கிப் பழகினோம். இறக்கத்தில் எல்லாரும் பயந்துபோய் பிரேக்கைப் பிடித்தபடியே வந்ததில் ரப்பர் கருகின வாடை அடித்தது. அன்று மாலை தங்கிய கல்யாண மண்டபத்தில் நீ சாப்பிடவில்லை. நெற்றிப்பொட்டை விரலால் அழுத்தியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாய். "வெயில்டி. வேற ஒண்ணுமில்ல" என்றாய். கார்த்திகையில் என்ன வெயில் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கொல்லிமலை அடிவாரத்தில் தூறல். நாலாவது ஐந்தாவது வளைவிலேயே மேகம் ரோட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு முன்னால் போகிற ரவியின் சிவப்புச் சட்டை முதலில் ரோஜா நிறமானது, பிறகு இல்லாமல் போனது. சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் தார், ஓரத்தில் வெள்ளைக்கோடு, அவ்வளவுதான். மரங்களிலிருந்து சொட்டுகிற சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் செல்வம் அண்ணன் நின்று காத்திருந்தார். மணி கேட்டது. போகலாம் என்று குரல் கொடுத்தார். அடுத்த வளைவு. மணி. போகலாம். எனக்குப் பின்னால் நீ வருகிறாய் என்ற தைரியத்தில்தான் நான் மூச்சை அளந்து அளந்து மிதித்தேன்.

மேலே டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம். கடைசியாக நீ வந்தாய். சைக்கிளைத் தடுப்புச்சுவரில் சாய்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டி, ஒருத்தருக்குக்கூடக் காது கேக்காதா? வளைவுக்கு வளைவு 'வந்தாச்சு, வந்தாச்சு'ன்னு தொண்டை கிழியக் கத்துறேன்."

"ஏன் கத்துனீங்க? அதான் மணி கேட்டுச்சே" என்றான் ரவி.

நீ அவனைப் பார்த்தாய். பிறகு சட்டைப்பையில் கையை விட்டு, எடுத்து, உள்ளங்கையை விரித்தாய். மணியின் நாக்கு. "கீழ அடிவாரத்துலயே கழட்டிட்டேன். டங்கு டங்குன்னு மண்டைக்குள்ள இடிச்சுது."

ரவி எழுந்துபோய் உன் சைக்கிளில் இருந்த மணியைப் பிடித்து ஆட்டினான். ஒன்றும் இல்லை. கயிற்றில் துணி ஆடுகிற மாதிரி ஆடி நின்றது. செல்வம் அண்ணன்தான் சிரிக்க முயன்றார். "மலையில மாடு மேஞ்சிருக்கும்மா. அதுவும் ரவி கடை மணி மாதிரிதானே கட்டியிருக்கும்." டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பாமலே, "இந்த மேகத்துல யாருங்க மாட்ட அவுத்து உடுவாங்க?" என்றார். அதற்கும் அண்ணனிடம் பதில் இருந்தது. "அப்ப எதிரொலி. மலையில சத்தம் முன்ன பின்ன சுத்தும், நம்ம ஊரு மாதிரியா?" அதில் உண்மை உண்டு. நம் ஊரில் பின்னால் கேட்டால் ஆள் பின்னால் இருக்கிறார். மலையில் அப்படி இல்லை. ஆனால் சுற்றி வருவதற்கும் முதலில் ஒரு சத்தம் வேண்டுமே.

நீ என்னைத் தனியாக அழைத்துப்போனாய். தடுப்புச்சுவருக்கு அப்பால் வெள்ளையைத் தவிர எதுவும் இல்லை.

"நீதான் எனக்கு முன்னால வந்த. உனக்கு எங்கேர்ந்து கேட்டுச்சு? உண்மையச் சொல்லு."

சொல்லத் தயங்கினேன். பிறகு சொன்னேன். "உன்கிட்டேர்ந்து இல்ல. உனக்கும் பின்னாலேர்ந்து."

நீ பயப்படுவாய் என்று நினைத்தேன். நீயோ, போட்ட கணக்குக்குச் சரியான விடை வந்துவிட்ட மாதிரி மெல்லத் தலையை ஆட்டினாய். "எனக்கும் அப்படித்தான். ஒவ்வொரு வளைவுலயும். நான் திரும்பல."

அப்போதுதான் உன் அப்பா சொன்னதன் மீதிப் பாதியைச் சொன்னாய். தட்டு தட்டுகிற கதையை மட்டும் எங்களிடம் சொல்லி, இதை உன்னிடமே வைத்திருந்திருக்கிறாய். "அப்பா சொல்லும், கடைசிப் படகுன்னு ஒண்ணு கிடையாது பாப்பா, அதுக்குப் பின்னாலயும் ஒண்ணு வரும். திரும்பிப் பாக்காத. ஆனா அதுக்கும் வழி விட்டு ஓட்டு." நீ டீக்கடைக்குப் போய் இன்னொரு டீ வாங்கிவந்து அந்தச் சுவரின் மேல் வைத்தாய். "யாருக்கும்மா?" என்று செல்வம் அண்ணன் கேட்டார். "ஆறட்டும்ணே" என்றாய். கடையை விட்டுக் கிளம்பும்போது அது அங்கேயே இருந்தது. ஆடை படிந்திருந்தது.

மறுநாள் இறக்கத்தில் வெயில் அடித்தது. நாக்கை மறுபடி மாட்டிக்கொண்டாய். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் ஊர் திரும்பினோம். அதன்பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தலைவலி வெயிலால் வந்ததில்லை என்று பொங்கலுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த நாளில் உனக்குப் பேச்சு நன்றாகவே இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா, நாற்றங்கால் விட்டார்களா, ரவி இன்னும் மூச்சு வாங்குகிறானா என்றெல்லாம் விசாரித்தாய். நான் கிளம்ப எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாய். சைக்கிள் டயரை அழுத்திப் பார்ப்பது போலக் கட்டைவிரலால் அழுத்தினாய்.

"திரும்பிப் பாத்திருக்கலாம்டி."

வேறு எதையோ சொல்கிறாய் என்று நினைத்து, "எதை?" என்றேன்.

"அவ்ளோ தூரம் எனக்குப் பின்னால தனியா வந்துச்சு. யாருன்னுகூடப் பாக்காம வந்துட்டேன்."

உன் காரியம் முடிந்த பிறகு உன் வீட்டுக்காரர் வந்தார். ஒரு கையில் மணி, இன்னொரு கையில் உப்பு டப்பா. "இது ரெண்டும் உங்க கிளப்பு சாமான்னு சொன்னா. நாக்கக் கழட்டி இதுக்குள்ள போட்டு வச்சிருக்கா, ஏன்னு தெரியல. நீங்களே வச்சுக்குங்க" என்றார். ஊர் திரும்பிய பிறகு எப்போது அதை மறுபடியும் கழற்றினாய் என்று தெரியவில்லை. அவரிடம் நானும் கேட்கவில்லை.

மணியை என் சைக்கிளில் கட்டினேன். நாக்கை மாட்டவில்லை. அன்றிலிருந்து வரிசையின் நடுவில்தான் ஓட்டுகிறேன். எனக்குப் பின்னால் எப்போதும் ரவியின் மூச்சோ யாருடைய செயின் சத்தமோ இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் கல்லூரி நூலகத்துக்கு வேலைக்குத் தனியாகப் போகிற காலைகளில், யாரும் இல்லாத ரோட்டில், ஓரத்தில் ஒரு சைக்கிள் போகிற அளவு இடம் விட்டே ஓட்டுகிறேன். யாருக்கு என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. நேற்று என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது, "வாலா? உனக்கெதுக்கு அந்த வேலை, பின்னால யாரு இருக்கா உன்னைப் பாத்துக்க?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். நான் பாதிச் சோற்றோடு தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன்.

இப்போது பனி விலகியிருக்கிறது. பால் பொங்கி அடங்கிவிட்டது, காபி குடித்துவிட்டேன். பகல் வெளிச்சத்தில் காலையில் கேட்டதைக் கோயில் மணி என்று சொல்லிக்கொள்ள முடியும். முயன்றும் பார்த்தேன். கோயில் மணியின் சத்தம் எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் செல்வம் அண்ணனுக்கு போன் செய்து வருகிறேன் என்று சொல்லப்போகிறேன். வாலாகவே வருகிறேன் என்று. அவர் சந்தோஷப்படுவார். முன்னால் போகிறவர்களுக்காக ரவி கடையில் வேறு ஒரு மணி வாங்கிக் கட்டிக்கொள்வேன், வேறு தொனியில். அவர்களுக்கு அது போதும். உன் மணியும் பக்கத்திலேயே தொங்கும், நாக்கில்லாமல். நாக்கு இந்த அலமாரியில், இந்த டப்பாவில், பூட்டிக்கிடக்கும். இவ்வளவும் அண்ணனுக்குத் தெரியட்டும், ரவிக்குத் தெரியட்டும்.

மீதியை யாரிடமும் சொல்லப்போவதில்லை. உன் அப்பா போட்ட விதி அவர் பெண்ணுக்கு. நான் வயல்காட்டில் பிறந்தவள், என்னை அது கட்டுப்படுத்தாது. மேகம் ரோட்டுக்கு இறங்கிய பிறகு, ஏதோ ஒரு வளைவில், எனக்குப் பின்னால் அந்தப் பழைய மணி கேட்டால், நான் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று திரும்பிப் பார்ப்பேன்.