மேசைமேல் இருந்த ஹப்

12.8.2009, புதன்
இன்றும் அதே பட்டியல். பால் சங்கங்களில் தராசோடு வயரில் இணைத்து எடை காட்ட நாங்கள் செய்யும் பெட்டியின் யூ.எஸ்.பி. டிரைவர் அமைப்புகள்; சொருகிய கருவி சொல்வதைப் பெட்டிக்குப் புரியவைக்கும் மென்பொருள்தான் டிரைவர். வரிக்கு வரி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. நான் சரிபார்த்துக் கையெழுத்திட்டால் நாற்பது பெட்டி வெளியே போகும். என் வேலையும் நிரந்தரமாகும். வேகமான கருவிகளுக்கான டிரைவர் ‘ஆம்’. மெதுவானவற்றுக்கு ‘இல்லை’. தராசு மெதுவான கருவிதானே? சீனியர் சுயம்புலிங்கம் சாரிடம் கேட்டேன்.
“இங்கன ஓடுதுல்ல? பெறகென்ன?”
ஓடத்தான் செய்கிறது. அதுதான் எரிச்சல்.

13.8
எங்கள் ஊர் கோம்பைச் சங்கத்தில் வைத்த மாதிரிப் பெட்டியில் எடையே வரவில்லை. அம்மா பாலோடு வரிசையில் நின்றிருக்கிறாள். “ஏ அக்கம்மா, ஒம் மக செஞ்ச பொட்டி, பாலு தயிரானாத்தான் எடை போடுமோ?” என்றாளாம் பக்கத்துத் தெரு ஜக்கம்மா அத்தை. அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

14.8
சாரிடம் மறுபடி சொன்னேன். “சங்கத்துல வயரைச் சொருகத் தெரியலம்மா. ஊர்க்காரக அப்படித்தான். திங்கக்கிழமை மொதலாளி வாராக, அதுக்குள்ள கையெழுத்தப் போடு.”
நான் எந்த ஊர்க்காரியாம்? கேட்டிருக்கலாம்ல. எப்பப் பாரு வீட்டுக்கு வந்த பெறகுதான் வாய் வருது — சே.

16.8, ஞாயிறு
சங்கத்துக்குப் போனேன். வயர் ஒழுங்காகத்தான் இருக்கிறது. தராசிலிருந்து நேரே பெட்டிக்கு.
நேரே!
ஆபீஸில் எங்கள் மேசையில் நடுவே ஒரு கறுப்பு ஹப் கிடக்கும், பல வயர்களை ஒன்றாகச் சொருகும் சின்ன இணைப்புப் பெட்டி. தராசை அதில் சொருகி, அதைப் பெட்டியில் சொருகுவோம். மெதுவான தராசு சொல்வதை வாங்கி, வேகமான டிரைவருக்குப் புரியும்படி அதுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆறு மாதமாக எங்கள் தப்பை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, சனியன்.

17.8
முதலாளி ஞானதுரை முன்னால் பெட்டியை ஓட்டிக் காட்ட சார் உட்கார்ந்தார்.
“ஹப்பை எங்கன காணோம்?”
“என் பையில இருக்கு சார்.”
“குடும்மா.”
“மாட்டேன் சார். நேராச் சொருகுங்க.”
என் குரலா அது?
சொருகினார். திரையில் சுழி. முதலாளி தராசில் முழங்கையை ஊன்றி அழுத்தினார். அப்போதும் சுழி.

20.8
மெதுவான டிரைவரையும் சேர்த்துக் கோம்பைப் பெட்டியை மாற்றியாயிற்று. அம்மா ஊற்றிய பால் ஆறு கிலோ நானூறு. ‘பொட்டி கொறச்சுக் காட்டுது’ என்கிறாளாம் ஜக்கம்மா அத்தை. இவளை என்ன செய்ய!

24.8
வேலை நிரந்தரம் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிய பட்டியல் வந்தது. இரண்டு டிரைவருக்கும் ‘ஆம்’. கீழே, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் என் பெயரை அச்சடித்தே அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்திட்டேன்.

ஹப் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. சார் கேட்கவில்லை.