நாலடி நீட்டிய கூரை

வியாழக்கிழமை.

இப்படி வம்பு வரும்னு பிளான் போட்ட அன்னைக்கே நான் சொன்னேன். குவைத்தில் இருக்கும் தங்கச்சி மகன் செல்வத்துக்குக் கறம்பக்குடியில் பழைய அமெரிக்க மாடலில் வீடு எழும்புகிறது. தரையோடு படுத்த மாதிரி நீளமான வீடு, வரிசையாக ஜன்னல், நடுக்கூடத்தில் குளிர்காய அடுப்பு! சரிவு குறைந்த கூரை சுவரைத் தாண்டி நாலடி நீட்டி நிற்கிறது. அங்கேதான் எனக்குச் சந்தேகம். இஞ்சினியரும் பக்கத்து மனைப் பங்காளியும் டீக்கடையில் கூடிக்கூடிப் பேசுகிறார்கள். மழைத்தண்ணி அவன் மனையில் விழுந்தால் கேஸ் போடுவான்ல?

போனில் சொன்னேன்.

"அளந்தீங்களா மாமா?"

"ரெண்டடி அங்கிட்டுப் போகுது மாப்ள. நானே டேப் பிடிச்சேன்."

"வீட்டுக்கே அந்தக் கூரைதான் மாமா அழகு" என்றான். "சரி, நாளைக்குக் காலையில வெட்டிரச் சொல்றேன்."

டேப்பை நான் தொடவே இல்லை.