சேவல் கொத்தாத கண்

12-7-57
காற்று, தூசி. மழை இல்லை. சைக்கிள் கடையில் இரண்டு பஞ்சர், ஒரு சக்கரக் கோட்டம். வளைவு பார்க்க ஒற்றைக் கண்தான் வசதி; ஆண்டவன் தொழில் தெரிந்துதான் என்னைச் செய்திருக்கிறான்.
சாயங்காலம் மகள் வள்ளி வாசலில் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வயது. இடது கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு மினுக்கம்.
ருக்மணி: "ஏனுங்க, பூனைக் கண்ணாட்ட மின்னுதுங்களே!"
வெயில் பட்டிருக்கும் என்றேன். விளக்கைப் பிடித்து மறுபடி பார்த்தேன்.

14-7
கோயமுத்தூர், கண்ணாஸ்பத்திரி. பஸ்ஸில் வள்ளி என் மடியிலேயே இரண்டு முறை வாந்தி. வேட்டி போச்சு.
டாக்டர்: கண்ணுக்குள் புற்று. உடனே கண்ணை எடுத்தால் உயிர் நிற்கலாம். ஆபரேஷன் 18.
"உங்க குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துச்சா? உங்க கண்ணுக்கு என்ன ஆச்சு?"
"சின்ன வயசுல சேவல் கொத்திருச்சுங்க."
யோசிக்கவே இல்லை. பெண் பார்க்கப் போனபோது அக்கா சொல்லிக்கொடுத்த பதில். டாக்டர் எனக்குப் பெண் கொடுக்கவா உட்கார்ந்திருந்தார்? மடையன்.
எனக்கும் இதே வயதில் இதே மினுக்கம். எடுத்துவிட்டார்கள். சேவல் கல்யாணத்துக்காக வந்தது.

15-7
கடை திறக்கவில்லை. கொல்லங்கோடு, அக்கா வீடு. டாக்டரிடம் நிஜத்தைச் சொல்லட்டுமா என்றேன்.
"கம்முனு இருடா. ருக்மணி காதுல உழுந்தா? ஏழு மாசம் வேற. ஆறு வருசமா மூடுன வாயி, இன்னுங் கொஞ்சம் மூடு."
காப்பி குடிக்காமல் கிளம்பினேன்.
வாங்க வேண்டியது: பிஸ்கட், குல்லாய், புது வேட்டி, தைரியம்.

17-7
ஆஸ்பத்திரி. டாக்டரைக் கண்டதும் நிஜத்தைக் கொட்டிவிட்டேன். ருக்மணி பக்கத்திலேயே. டாக்டருக்குக் கோபம்.
"இது அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு வரலாம். இன்னொரு கண்ணையும் நல்லாப் பார்க்கணும். பிறக்கப்போற குழந்தையையும் பிறந்ததும் கொண்டுவாங்க."
வெளியே வந்ததும் ருக்மணி, "உங்களுக்கு வயசென்னங்க?"
"முப்பத்திநாலு. தெரியாதா?"
"அப்ப, கண்ணெடுத்தும் முப்பத்திநாலு வயசு வரைக்கும் இருக்கலாமுங்க. மொதல்லயே சொல்லியிருந்தா மூணு நாளா நான் செத்துப் பொழைச்சிருக்க மாட்டனே!"
அப்புறம் பேச்சில்லை. வள்ளியையும் என் கையில் தரவில்லை.

18-7
எடுத்தாயிற்று. வலது கண் இப்போதைக்குச் சுத்தம். மாதாமாதம் காட்ட வேண்டும். வள்ளி கண் கட்டைப் பிய்க்கப் பார்க்கிறாள்.
ருக்மணிக்கு என்னோடு இன்னும் பேச்சில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களிடம் மட்டும் வாய் ஓயவில்லை. "இவங்கப்பனுக்கும் இப்படித்தானுங்க எடுத்தாங்க. அதா பாருங்க, கல்லாட்ட நிக்கறாரு."