இரண்டாம் குரலும் கருவாட்டுப் பாயும்

என் ஸ்டெல்லா மச்சாளுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்க இன்றைக்கு மனம் வரவில்லை. நான் கோபத்தில் இருக்கிறேன். யாரிடம் கொட்டினாலும், "விடு ஜெசிந்தா, ஒரு கடதாசிக்கா இவ்வளவு கதை?" என்கிறார்கள். அது வெறும் கடதாசி இல்லை என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான், ஆகவே நீயே கேள். இதைக் கோயில் மலரிலும் போடக் கொடுக்கப் போகிறேன். ஊரும் வாசிக்கட்டும், ஃபாதரும் வாசிக்கட்டும்.

உன் ஆண்டுத் திருப்பலி வருகிறது. அன்றைக்கு அந்த லத்தீன் காணிக்கைப் பாட்டைப் பாடுவது என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். திருவிழாதோறும் என் முதல் குரலுக்கு அடியில் நீ இரண்டாம் குரல் பாடிய பாட்டு. முதல் குரலின் தாள் என்னிடம் இருக்கிறது, ஆண்களின் தாள்கள் கோயில் அலுமாரியில் இருக்கின்றன. இரண்டாம் குரலின் தாள் எங்கே? அலுமாரியைக் கவிழ்த்தோம், ஓர்கன் வாசிக்க உட்காருகிற வாங்குக்குள் பார்த்தோம், உன் தையல் பெட்டியையும் விடவில்லை. பிறகுதான் எனக்கு நெஞ்சில் அடித்தது. அது உன்னிடம் இருக்கிறது.

உன் சவப்பெட்டியை மூடுகிற நேரத்தில் உன் மனுசன், என் அண்ணன், வீட்டுக்குள் ஓடிப்போய் அதை எடுத்துவந்து, செபமாலை சுற்றியிருந்த உன் கைக்குக் கீழே வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் அழுதோம். எங்கள் பாடகர் குழுவிடம் இருக்கிற ஒரே பிரதி மண்ணுக்குள் போகிறது என்று ஒருவருக்காவது உறைத்ததா? சேமக்காலைக்கு வந்து உன் கல்லறையடியில் நின்று கேட்டும் பார்த்தேன். தருகிறவளா நீ! உயிரோடு இருந்தபோதே ஃபோட்டோ கொப்பி எடுக்க விடாதவள். அந்த மெஷின் வெளிச்சத்துக்குப் பழைய தாள் நொறுங்கிவிடும் என்று யார் உனக்குச் சொன்னது?

இரண்டாம் குரலில் மற்ற இரண்டு பெண்களும் இருக்கிறார்கள்தான். அவர்கள் தாளைப் பார்த்துப் பாடியவர்கள் இல்லை, உன் தோளோடு தோள் நின்று உன் வாயைப் பார்த்துப் பாடியவர்கள். நீ இல்லாத முதல் ஒத்திகையில், இரண்டாவது வரியிலேயே வழுக்கி என் குரலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களைத் திட்ட முடியுமா? திட்டினேன். பிறகு வெட்கமாக இருந்தது.

அந்தப் பாட்டு இப்போது எங்கேயும் அச்சில் இல்லை. தேடித் தேடி, வெளிநாட்டுப் பழைய புத்தகக்காரன் ஒருவனின் கடையை இணையத்தில் பிடித்தேன். 'இரண்டாம் குரல், முழுமையான பிரதி, நல்ல நிலை, சிறிய தேய்மானம்' என்று போட்டிருந்தான். இத்தாலியில் இருக்கிற உன் தம்பி தன் கிரெடிட் காட்டைப் போட்டு எடுத்துத் தந்தான். பார்சல் வந்த அன்று மருந்துக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு சிலாபம் தபால் கந்தோருக்கு ஓடினேன்.

திறந்து பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல? கவருக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக நடுவில் மடித்திருக்கிறான், மச்சாள். இசைத்தாளை, கலியாணக் கார்ட் மாதிரி மடித்து! ஒரு மட்டை இல்லை. மடித்த இடம் விண்டு போயிருந்தது, மேலே தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் வேறு. அதையெல்லாம் பொறுத்திருப்பேன். கடைசித் தாள் இல்லை. முழுமையான பிரதியாம், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான்.

எழுதினேன். மார்ட்டின் என்று கையெழுத்துப் போட்டு ஒருவன் பதில் அனுப்பினான். என் ஏமாற்றத்துக்கு அவன் வருந்துகிறானாம், இந்த வயதுத் தாள்களில் இப்படி இருப்பது இயல்பாம். வயது போனால் தாள் பழுக்கும், ஓரம் உதிரும், சரி. வயது போனதற்காக ஒரு தாள் எழும்பி நடந்து போகுமா? இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். படம் எடுத்து அனுப்பு என்றான். இல்லாத தாளைப் படம் எடுப்பது எப்படி என்று கேட்டேன். கடைசியில் இன்னொரு பிரதி இருக்கிறது, அனுப்புகிறேன் என்றான்.

இரண்டாவது பார்சல் வந்தபோது ஒரு கிழமையாக விடாத மழை. இந்த முறை மட்டை வைத்திருந்தான், ஆனால் மேலே ஒரு பொலித்தீன் சுற்றவில்லை. கவர் ஊறிப்போய் என் கையில் பாண் துண்டை நனைத்த மாதிரி வந்தது. கவுன்டரில் இருந்தவரிடம் சத்தம் போட்டேன். "மெஹெம தமாய் ஆவே, மிஸ்," என்றார் அவர் சிங்களத்தில், இப்படியேதான் வந்தது என்று. மார்ட்டினைக் கேட்டால், தன் கையை விட்டுப் போகும்போது நன்றாக இருந்தது என்பான். எல்லாரும் நல்லவர்கள், நடுவில் தாள்தான் தானாகவே தண்ணீருக்குள் குதித்திருக்கிறது.

ஆனால் கடைசித் தாள் இருந்தது, மச்சாள்! நனைந்து ஒட்டியிருந்தாலும் எழுத்துக் கலையவில்லை. மெதுவாகப் பிரித்து, மேசையில் ஃபேனுக்குக் கீழே பரப்பிவிட்டு, மறுநாள் காலை அண்ணனிடம், "இதைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க," என்று சொல்லி வேலைக்குப் போனேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

உன் மனுசனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து வடக்குக் கரை திறந்த நாளிலிருந்து பருவத்துக்குப் பருவம் அங்கே போய்க் கரையில் ஓலைக் குடில் போட்டு வாடி அடித்துத் தங்கித் தொழில் செய்தவர், நீ போன பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. இங்கேயே கிட்டத்தில் வலை போட்டு, விற்காமல் மிஞ்சுகிற சாளை மீனைக் கருவாடு போட்டுக்கொண்டிருக்கிறார். கதைக்கிறதும் குறைந்துவிட்டது. அன்றைக்குக் காலையில் மழை விட்டு நல்ல வெயில் எறித்தது. ஈரமான ஒரு சாமானை அவரிடம் கொடுத்து, பார்த்துக்கொள் என்றும் சொன்னால் அவர் என்ன செய்வார்? இந்தக் கரையில் எந்த ஆம்பிளையும் செய்வதைத்தான் செய்தார்.

பின்னேரம் நான் வந்தபோது தாள்கள் கருவாடு பரப்புகிற பாயில் கிடந்தன. வரிசையாக, ஒன்றோடொன்று முட்டாமல், ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வலை ஈயக்குண்டு வைத்து. அண்ணன் பக்கத்தில் தடியோடு இருந்தார்.

"என்ன அண்ண இது?"

"ஈரமா கெடந்திச்சு. காய வச்சன்."

"கருவாட்டுப் பாயிலயா?"

"காகம் வரல்ல. பூனையும் வரல்ல. நான் இங்கயேதான் இருந்தன். ரெண்டு தரம் பிரட்டியும் போட்டன்."

எத்தனை வருசச் சாளை நெய் குடித்த பாய் அது! உச்சி வெயில் பட்டதும் தாள் எல்லாம் அந்த நெய்யை இழுத்துவிட்டது. கையில் எடுத்தேன், கண்ணாடி மாதிரி அப்பால் தெரிந்தது. முன்பக்கத்து நோட்ஸும் பின்பக்கத்து நோட்ஸும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து, எது எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. அண்ணன் ஈயக்குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

அந்தக் கோபத்தோடேயே படம் எடுத்து மார்ட்டினுக்கு அனுப்பினேன், நனைய விட்டது நீதானே என்று. பதில் உடனே வந்தது. தாளில் எண்ணெய்க் கறை தெரிகிறதாம், இடது மூலையில் ஒட்டியிருப்பது மீன் செதில் போலத் தெரிகிறதாம், இது தபாலில் நடந்த சேதம் இல்லையாம். முறைப்பாட்டை மூடிவிட்டானாம். ஒரு முழுத்தாள் இல்லாதது கண்ணில் படாதவனுக்கு ஒரு செதில் பட்டிருக்கிறது, பார். அடுத்த முறை வாங்கும்போது விலைக்கழிவு தருவானாம். அந்த வரியைப் படித்துவிட்டுப் போனை மேசையில் குத்தினேன், கண்ணாடி வெடித்துவிட்டது.

ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிசன்தான், ஆனால் சொன்ன பதில் இது: "முதல் குரல் போதும் ஜெசிந்தா. மிச்சத்தைக் கீபோர்ட் நிரப்பிக்கொள்ளும். கோயிலில் இருக்கிற யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?" உண்மையாகவே, யாருக்குத் தெரியும்? நீ சத்தமில்லாமல் அடியில் நின்று தாங்கியது எனக்கே நீ போன பிறகுதானே தெரிந்தது. தோற்றுப்போன ஆத்திரத்தில், சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஒத்திகையிலும் அப்படியே பாடினோம்.

அன்றைக்கு மழை இருட்டாக இருந்ததால் அண்ணன் என்னை ஏற்றிப்போக மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். வழக்கம்போல உள்ளே வரவில்லை, வெளியே வாகை மரத்தடியில் நின்றார். பாதி வழியில் திடீரென்று கேட்டார்.

"அவட பாட்டப் படிக்கல்லயா?"

"அதத்தானே படிச்சம்."

"சும்மா கதைக்காத. அது வேற பாட்டு."

"அண்ண, அதே பாட்டுத்தான். நான் படிச்சது கேக்கல்லயா?"

"அவட பாட்டு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கரகரத்த குரலில் முனகிக் காட்டினார்.

அது இரண்டாம் குரல், மச்சாள்.

எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தப் பாட்டைக் கோயிலில் பாடுவது திருவிழாவில் மட்டும். திருவிழா அன்றைக்கு வெடி கொளுத்துகிற பொறுப்பு அண்ணனுடையது, காணிக்கை நேரத்தில் அவர் கோயிலுக்குப் பின்னால் வெடிக்கட்டோடு நிற்பார். ஒரு வருசமாவது உள்ளே நின்று கேட்டதில்லை. அவர் கேட்டதெல்லாம் வீட்டில், குசினியில், நீ தேங்காய் துருவிக்கொண்டு தனியாகப் பழகியதைத்தான். ஏறாமல் இறங்காமல், ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிற அந்த இரண்டாம் குரல்தான் அவருக்குப் பாட்டு. நான் நெஞ்சு நிமிர்த்திப் பாடுகிற முதல் குரல் அவருக்கு யாரோ பாடுகிற வேறு ஏதோ.

எனக்கு மறுபடியும் கோபம்தான் வந்தது. "இத்தன நாளா வாயத் திறக்காம இருந்தீங்களே!" என்று நடுறோட்டில் சண்டை பிடித்தேன். "நீ என்னட்டக் கேட்டியா?" என்றார். பிறகு, தெருவைப் பார்த்துக்கொண்டு, "தாளக் குழிக்குள்ள வச்சவன் நான்தானே. அதான் இத வடிவாக் காய வைப்பம் எண்டு பாத்தன்," என்றார். வீடு வரும்வரை அவருடைய முதுகுக்குப் பின்னால் அழுதுகொண்டு வந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, முதல் பார்சலில் இல்லாத அந்தக் கடைசித் தாளைக் குசினி யன்னலில் ஒட்டினேன். அண்ணனைக் கதிரையில் இருத்தினேன். அவரால் முழுதாகப் பாட முடியாது, நடுவில் மறந்துபோகும், சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் பிழையைக் கேட்டால் முகம் சுளிப்பார். யன்னல் வெளிச்சத்தில் ஒரு நோட்டைப் பிடித்து நான் முனகுவேன். "அது இல்ல," என்பார். பக்கத்தில் விழுந்து கிடக்கிற மற்றதை முனகுவேன். "ஓம், அது." பென்சிலால் வட்டம் போடுவேன். சில இடங்களில் இரண்டுமே இல்லை என்பார், எனக்கு எரிச்சல் வரும், சத்தம் போடுவேன், அவரும் திருப்பிச் சத்தம் போடுவார். நீ போன பிறகு இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டது இப்போதுதான். ஓரிடத்தில் நான் சரியாகப் பிடித்த உடனே, "இதுல அவ தேங்காயத் தட்டுவா," என்று மேசையைத் தட்டினார். தாளில் இல்லாத அந்தத் தட்டலுக்கும் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

தாள் முழுக்க மீன் மணக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு பீடத்துக்குப் பக்கத்தில் நின்றால் ஃபாதர் மூக்கைப் பொத்தப் போகிறார். பொத்தட்டும்.

மார்ட்டினை நான் மன்னிப்பேன் என்று எதிர்பார்க்காதே. அவனுடைய கடைக்குக் கீழே, வாங்கியவர்கள் எழுதுகிற இடத்தில், நடந்ததெல்லாம் எழுதியிருக்கிறேன், செதிலையும் மறைக்காமல். அவன் பதில் போடப் போட நானும் போடுவேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். உன் ஆண்டுத் திருப்பலியில் நான் முதல் குரலில் நிற்கமாட்டேன். உன் இடத்தில் நிற்பேன், மற்ற இரண்டு பெண்களும் என் தோளோடு நிற்பார்கள். முதல் குரல் மெலிந்துபோய், எங்கே பாட்டு என்று சனம் ஒன்றை ஒன்று பார்த்தாலும் எனக்குக் கவலை இல்லை. அன்றைக்கு வெடியும் இல்லை, அண்ணனுக்கு வெளியே நிற்க ஒரு சாட்டும் இல்லை. கையைப் பிடித்து இழுத்துவந்தாவது முன் வாங்கில் இருத்துவேன். கோயில் நிறைந்த அத்தனை பேரில் அவர் ஒருவருக்கு மட்டும் அது முழுப்பாட்டாகக் கேட்கும்.

உன் மனுசனின் தங்கச்சி,
உன் மச்சாள்,
ஜெசிந்தா