துருப்பிடிக்காத ஊர்

மச்சான்,

நேற்றுக் காலை காப்பர் குழாய் வெட்டும் கட்டரைத் தேடி உன் பழைய காக்கிப் பையைத் திறந்தேன். கட்டர் கிடைக்கவில்லை. அடித் தையலுக்குள் விரலை விட்டதும் மணல்தான் வந்தது. நம் கடற்கரை மணல் இல்லை; அதுவென்றால் பிசுபிசுவென்று ஒட்டும். இது செங்கல் பொடி மாதிரி சிவப்பாக, விரலில் நிற்காமல் வழிந்து போனது. அந்தப் பையோடு நீ வளைகுடாவில் அல் ஐனிலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகிறது. எத்தனை முறை உதறிப் போட்டிருப்போம், இன்னும் மிச்சம் வைத்திருக்கிறாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஏனென்றால் அதே ஊரிலிருந்து இப்போது எனக்கு வேலை வந்திருக்கிறது. காய்கறியும் பேரீச்சம்பழமும் வைக்கிற பெரிய குளிர்கிடங்கில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். ரெண்டு வருட ஒப்பந்தம். நாற்பத்தைந்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்களாம், எனக்கு நாற்பத்துநாலு. யோசித்துச் சொல்ல மூன்று வாரம் கொடுத்தார்கள், நாளையோடு முடிகிறது. இதையெல்லாம் கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீ. நீயோ செத்து ரெண்டு வருடம் ஆகிறது.

அந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நீ நிறுத்த மாட்டாய். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட் கம்ப்ரசரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையெல்லாம் கிரீஸாக உட்கார்ந்திருப்போம். பக்கத்தில் மீன் ஏலம் காதைக் கிழிக்கும். நீ மட்டும் மனசால் அந்த ஊர் மலையடிவாரத்தில் இருப்பாய்.

“ஒரு புல்லு கெடையாது மச்சான், மொட்ட மலை. ஆனா சாயங்காலம் பாத்தா ஊதாவா நிக்கும். கீழ வெந்நீர் ஊத்து. இங்க மாரி நசநசன்னு கெடையாது. பத்து வருஷம் கழிச்சு ஒரு யூனிட்ட தெறந்தாலும் ஸ்க்ரூ புதுசா சுத்தும்டா.”

“அப்பறம் எதுக்கு இங்க வந்து துருவ தின்ற?” என்பேன்.

“ஒன் மூஞ்சிய பாக்கத்தான்” என்பாய்.

மலையும் ஊற்றும் என்னை ஒன்றும் செய்யவில்லை. அந்த ஸ்க்ரூதான் பொறாமைப்பட வைத்தது. இங்கே கடல் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. புது ஏ.சி. மாட்டினால் மூன்றாம் வருடமே வெளி யூனிட்டின் சுருள் பொடிப்பொடியாக உதிர்கிறது. வெளி யூனிட்டின் துருவை மட்டும் பார்த்து, அது கடற்கரையிலிருந்து எத்தனையாவது தெருவில் இருந்தது என்று நீ சொல்லிவிடுவாய். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். தப்பாய்ப் போன ரெண்டுக்கும், அந்த வீட்டுக்காரர் சமீபத்தில்தான் வீடு மாறியிருப்பார் என்று சாதிப்பாய்.

பதினோரு வருடம் முன்னால் நீ ரெண்டு மாத லீவில் வந்திருந்தாய். திரும்பிப் போவதா, என்னோடு சேர்ந்து இங்கே ஏ.சி. சர்வீஸ் கடை போடுவதா என்று ஒரு மாதம் மண்டையைப் பிய்த்துக்கொண்டாய். பிறகு நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். ஒரு வாரம் போகிறவனாக வாழ வேண்டும். எல்லாரிடமும் சொல்லி, பெட்டி கட்டி, விடைபெற வேண்டும். அடுத்த வாரம் இருக்கிறவனாக வாழ வேண்டும். மனசு என்ன சொல்கிறது என்று கேட்கவே கூடாது, கை என்ன செய்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். முதல் வாரம் உன் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகியது; பழைய துணியைச் சுற்றிக் கட்டினாய். இரண்டாவது வாரம் அதே குழாயைக் கழற்றி வாஷர் மாற்றினாய். அன்றைக்கே பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டினாய்.

“போறவன் துணி சுத்துவான், இருக்கறவன் வாஷர் மாத்துவான். அவ்ளோதான்டா” என்று என்னிடம் வந்து சொன்னாய்.

அந்த வாரத்தில், நீ வாஷர் மாற்றுவதற்கு முன்னால் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை நீ இருந்தவரை உன்னிடம் சொல்லவில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் முப்பது ஏ.சி.க்கும் நமக்கே சர்வீஸ் என்று பேசி முடித்துவிட்டதாகச் சொன்னேன் இல்லையா? அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. வாசலில் நின்ற செக்யூரிட்டியைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. நீ போய்விட்டால் தனியாக என்ன செய்யப் போகிறோம் என்ற பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். கடை திறந்த பிறகு, மேனேஜர் மாறிவிட்டார், கை நழுவிப் போச்சு என்று அதற்கு மேல் இன்னொரு பொய். நீ ஒன்றும் கேட்கவில்லை.

நெல்லித்தோப்பில் ஒன்பது வருடம் நம் கடை நன்றாகவே நடந்தது. ஒரு நாள் காலை நெஞ்சை அடைக்கிறது என்று நீயே வண்டியை ஓட்டிக்கொண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். அங்கிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டுதான் வந்தோம். அந்த ஊரிலேயே விட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பானோ என்று நான் நினைக்காத நாள் இல்லை. பொய் சொல்லி உன்னை இங்கே உட்கார வைத்தவன் நான். இப்போது நம் கடையைப் போட்டுவிட்டு, நீ எனக்காக விட்ட ஊருக்கே நான் போவதா? மூன்று வாரமாக இந்த ஒரு கேள்விதான்.

இருந்தாலும் நீ சொன்னபடியே செய்து பார்த்தேன். முதல் வாரம் போகிறவன். என் மனைவி அதில் பாதி வேலையை மிச்சப்படுத்திவிட்டாள். “ரெண்டு வருஷமா அந்தக் கடைக்கு வாட்ச்மேன் மாரி ஒக்காந்திருக்கீங்க. போய் வேலைய பாருங்க. பொண்ணு பிளஸ் டூ முடிச்சதும் நாங்க லீவுக்கு வர்றோம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வாடிக்கையாளர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற நம் பெரியவர் இருக்கிறாரே, அவர் மலை என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்க் கம்பளி மப்ளர் ஒன்றைக் கொண்டுவந்து கழுத்தில் சுற்றிவிட்டார். “போன் வொயாஜ்! நல்லபடியா போய்ட்டு வா. மலைக்காத்து ஆவாதுப்பா” என்றார். பாலைவனம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் காதில் விழவில்லை. தேங்காய்த்திட்டில் மீன்கார அக்கா, அந்த ஊரில் வாய்க்கு ருசியாக ஒன்றும் கிடைக்காது என்று தானே முடிவு செய்து, ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கொடுத்தாள். அடுத்த வாரம் இருக்கிறவனாக மாறியபோது இந்த ரெண்டு பேர் கண்ணிலும் படாமல் சந்து சந்தாக வண்டி ஓட்டினேன்.

அது கிடக்கட்டும், கையைப் பற்றிச் சொல்கிறேன். போகிற வாரத்தில் என் கை என்ன செய்தது தெரியுமா? வீட்டில் மூன்று குழாய்க்கும் வாஷர் மாற்றியது. மாடித் தொட்டிக்குப் புது வால்வு போட்டது. எந்த சுவிட்ச் எதற்கு என்று மகளுக்குப் புரியும்படி எழுதி ஒட்டியது. போகிறவன் துணி சுற்ற வேண்டுமே, இதென்னடா என்று எனக்கே குழப்பமாகிவிட்டது. இருக்கிற வாரம் வந்தது. கடை ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஒரு கம்பியை எடுத்து இழுத்துக் கட்டினேன். கட்டும்போது பார்க்கிறேன், அதே இடத்தில் ஏற்கெனவே ரெண்டு கம்பி இருந்தது. ரெண்டும் நான் கட்டியதுதான். திரும்பிக் கடையைப் பார்த்தேன். வாக்குவம் பம்ப் கைப்பிடியில் கறுப்பு டேப். மேஜைக் காலுக்கு அடியில் மடித்த அட்டை. நீ போனதிலிருந்து அங்கே ஒரு பொருளைக்கூட நான் ஒழுங்காகச் சரிசெய்யவில்லை. ஊரான் வீட்டு ஏ.சி.யையெல்லாம் சுத்தமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, நம் கடையில் ரெண்டு வருடமாகத் துணி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து அழுதேன், மச்சான். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது நல்லதாகப் போச்சு.

கடையில் நான் எப்போதோ போகிறவனாகிவிட்டேன் என்று கை சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பொய் விடவில்லை. நேற்று உன் பையிலிருந்து மணல் வழிந்ததும், இனி யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது. உன்னிடம் சொல்ல வழியில்லை, உன் வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

அவளைப் பற்றி முதலில் உனக்குச் சொல்ல வேண்டும். நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருந்து முடித்த மறுவாரமே அவள் கடைக்கு வந்துவிட்டாள். பாவம், மனசு மாறுதலுக்கு வருகிறாள் என்று நினைத்தேன். இப்போது போனை எடுத்ததும், “வெளிய ஃபேன் சுத்துதா பாருங்க. சுத்தலையா? அப்ப கெப்பாசிட்டரா இருக்கும், ஆளு அனுப்பறேன்” என்கிறாள். நம் ரெண்டு மெக்கானிக்குகளும் என்னைவிட அவளுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஹோட்டல் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். சர்வீஸ் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

“அது அவருக்கு அன்னிக்கே தெரியும்ணா.”

“எப்டிம்மா?”

“நீங்க சொன்ன மறுநாளே அங்க போனாரு, எத்தன டன் ஏ.சி.ன்னு பாத்துட்டு வரலாம்னு. நீங்க யாருன்னு கேட்டு அனுப்பிட்டாங்களாம். வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. சோத்துத் தட்ட கீழ வெச்சிட்டுச் சிரிச்சாரு.”

“அப்பறம் ஏன் போகாம இருந்தான்?”

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “ஒங்களுக்காகன்னு நெனச்சிட்டிருந்தீங்களா? அவருக்கு அந்த ஊரு அலுத்துப் போச்சுண்ணா. மலை மலைன்னு பேசுவாரு, ஆனா ஆறு வருஷமா ஒரே ரூம்ல ஏழு பேரோட படுத்திருந்தாரு. இங்கயே இருக்கறதுக்கு அவருக்கு ஒரு சாக்கு வேணும். நீங்க குடுத்தீங்க. அவரு இருக்கணும்னு இருந்தாரு. ஒங்களுக்குப் போகணும்னா போங்க. அத அவரு தலையிலயும் என் தலையிலயும் கட்டாதீங்க.”

“கடைய யாரு பாக்கறது?”

“இப்ப யாரு பாக்கறா? நாந்தான பாக்கறேன். நீங்க என்னயப் பாத்துப் பாவப்பட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க. போறதுக்கு முன்னாடி அந்த ஷட்டர மட்டும் ஒழுங்கா பண்ணிக் குடுத்துட்டுப் போங்கண்ணா.”

சுருக்கென்று குத்தியது. அப்புறம் உன் மேல் வந்தது பார் ஒரு கோபம்! ஒன்பது வருடம் என் பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், தினமும் என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறாய். படுபாவி. உன் வாழ்க்கையையே நான்தான் திருப்பிவிட்டேன், உன் சாவுக்கும் நான்தான் காரணம் என்று என்னை எவ்வளவு பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருந்தேன்! நீ உன் இஷ்டத்துக்கு இருந்தாய். அவ்வளவுதான் விஷயம். அந்தக் கோபம் அடங்க மத்தியானம் ஆயிற்று. அடங்கியபோது உடம்பு லேசாக இருந்தது.

இன்று காலை ரெண்டு மெக்கானிக்குகளையும் பிடிக்க வைத்து ஷட்டரை இறக்கினேன். மூன்று கம்பியையும் வெட்டிப் போட்டேன். ஸ்பிரிங்கை மாற்றி, வளைந்த தடத்தை நிமிர்த்தி, திரும்ப ஏற்றினோம். உன் வீட்டுக்காரி ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய் போனை எடுத்தாள்.

அந்த ஊரைச் சொர்க்கம் என்று நான் நினைக்கவில்லை. ஐம்பதைத் தொடுகிற வெயிலில் கம்ப்ரசர் ட்ரிப் ஆகி நின்றுகொண்டே இருக்கும், கண்டென்சரில் புழுதி அப்பிக்கொள்ளும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். சூப்பர்வைசருக்குத் தனி அறையாம். அதில் தனியாக உட்கார்ந்து மகள் குரலுக்காக ஏங்குவேன், அதுவும் தெரியும். நல்ல மீன் இருக்காது. உப்புக்காற்று இல்லாமல் எனக்குத் தூக்கம் வருமா என்பதே சந்தேகம். இத்தனையையும் கூட்டிக் கழித்த பிறகும் எனக்குப் போக வேண்டும் போலத்தான் இருக்கிறது. அந்த மொட்டை மலையை என் கண்ணால் பார்க்க வேண்டும். புதுசாக ஒரு பெரிய மெஷினைக் கையில் எடுத்து அதைச் சரியாக ஓட்டிக் காட்ட வேண்டும். காரணம் இவ்வளவுதான், சாக்கு ஒன்றும் கிடையாது.

சாயங்காலம் மனைவியிடம் முடிவைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“அவரு இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?” என்றாள்.

“போவாதடான்னு சொல்லியிருப்பான்.”

“அப்ப?”

“அப்பவும் போறேன்.”

நாம் ஐ.டி.ஐ. பெஞ்சில் ஆரம்பித்த வாக்குவாதம் இது. எந்த மெஷினைப் பார்த்தாலும் நான் ஒரு கோளாறைச் சொல்வேன், நீ இல்லையென்பாய். ரெண்டு வருடமாக உன் பங்கையும் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். அதிலும் பாதி நேரம் நீதான் ஜெயிக்கிறாய். அங்கே போனாலும் இது தொடரும், இதை இறக்கி வைத்துவிட்டுப் போக எனக்குத் தெரியாது. நாளை கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன், மச்சான். நீ இருந்திருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.